முதல் நாள் நாறும்

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் பாத்திரக்கடை வைத்திருந்த அந்த மனிதரைப் போல வியாபாரம் தெரியாத ஆளை நான் பார்த்ததே இல்லை. பொருளை நம் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் குறையைச் சொல்லிவிடுவார். குடம் கேட்டால், “அடியில ஒரு இடத்துல தகடு மெல்லிசா இருக்குது, தடவிப் பாத்துக்கோ” என்பார். தோசைக்கல் கேட்டால், “ஒரு வாரத்துக்குத் தோசை ஒட்டும், கறுப்பா வரும். அப்புறம் எங்கிட்ட வந்து கத்தாத” என்பார். கேட்டவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் அதே குடம்தான், அதே தோசைக்கல்தான். சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ஒல்லியான ஆள். கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். குறை தென்பட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி. குறையே தென்படவில்லை என்றால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். திரும்பவும் ஒரு சுற்று.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடம், “எனக்கு இடது காது கேக்காது, கோவம் சட்டுனு வரும், இதுக்கு மேல உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத்தான் சொஜ்ஜியைத் தொட்டாராம். அவர் மனைவியே இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “அதுவும் நல்லதாப் போச்சு. திட்டணும்னா இடது பக்கமா நின்னு திட்டிப்பேன்” என்பார்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வீட்டுக்கு ஓடு மாற்றி, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். வந்தவர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது, காற்றோட்டமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஈரம் ஏறுது. ரெண்டு மழைக்கு அப்புறம் காரை விழும்” என்றார். நைனாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. காரை விழுந்தது. ஆனால் அதற்காக யாராவது நன்றி சொல்வார்களா என்ன? புது சைக்கிள் வாங்கினவன் அவர் கண்ணில் படாமல் சந்து வழியாகப் போவான். பழைய சைக்கிள் வாங்கப் போகிறவன் அவரைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போவான். ஊருக்கு அவர் அப்படித்தான் பயன்பட்டார்.

அறுபதுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு புது அடுப்பு வரத் தொடங்கியது. முதலில் திரி ஸ்டவ், அப்புறம் பம்ப் ஸ்டவ், கரண்ட் வந்த வீடுகளில் கரண்ட் அடுப்பு. விறகுப் புகையில் கண் எரிந்த பெண்பிள்ளைகள் ஆசையாய் வாங்க வருவார்கள். இவர் அடுப்பை எடுத்து மேசைமேல் வைப்பார். வைத்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

“முதல் நாள் நாறும். ரெண்டாம் நாள் கொஞ்சம் நாறும். மூணாம் நாளும் நாறிச்சின்னா எங்கிட்ட கொண்டா.”

“புது அடுப்பு ஏன் நாறணும்?” என்று யாராவது கேட்டால் போதும், மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். “இரும்புன்னா துரு புடிக்கும். புடிக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் எண்ணெய் பூசி அனுப்பறான். மேல பெயிண்டு அடிக்கிறான். உள்ள என்னென்னமோ வார்னிஷ் பூசறான். மொதமொதல்ல சூடு பட்டா அதெல்லாம் எரிஞ்சுதான் போவணும். எரிஞ்சா நாறும், புகையும். பயந்துக்காத. நல்லாத் தொடச்சுட்டு, வாசல்லயோ ஜன்னல் ஓரமாவோ வெச்சு, மேல பாத்திரம் வெக்காம அரை மணி நேரம் வெறுமனே எரிய வுடு. நாறி முடிச்சா சுத்தமாயிடும்.” முடியாதவர்களுக்கு அவரே கடைப் பின்கட்டில் வைத்து ஒருமுறை எரித்துக் கொடுப்பார். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க அந்த வாடை அடிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, “இன்னாத்துக்கு மூக்கப் புடிக்கிற? நாளைக்கு அவங்க வீட்ல அடிக்காது பாரு” என்பார், பெருமையாக.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இந்த மனிதரால் எனக்கு வந்த கஷ்டமும் அவரால் எனக்குக் கிடைத்ததும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடப்பதால் என்னை விட்டுவிட்டு அவரைச் சொல்ல முடியாது.

எனக்கு ஆனி மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மேல்சித்தாமூர். நைனாவுக்கு மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்; கையில் கொஞ்சம் ஓட்டம் இருந்த வருஷம். சம்பந்தி வீட்டில் கரண்ட் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், சீர்வரிசையில் கரண்ட் அடுப்பு வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் உறவுக்காரர்களில் அதுவரை யாரும் வைத்ததில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பெயிண்டு அடித்த இரும்பு அடுப்பு, நடுவில் வெள்ளைத் தட்டு, அதில் சுருள் சுருளாய்க் கம்பி. எனக்கு அதைத் தொடவே ஆசையாயிருந்தது. அவர் வாயைத் திறந்தார். “முதல் நாள் நாறும்.”

“தெரியும், தெரியும்” என்றார் நைனா.

“தெரிஞ்சா பத்தாது, பொண்ணு போற வீட்ல சொல்லணும். இல்லாட்டி நானே ஒரு தடவ எரிச்சுத் தரேன். அங்க நாறாது.”

“எரிச்சா கம்பி கறுத்துப் போவாதா?”

“கறுக்கும்.”

“பெயிண்டு?”

“மஞ்சளிச்ச மாதிரி ஆவும்.”

“நல்லாச் சொன்னீங்க போங்க. சீருல வெக்கறது புதுசாத் தெரிய வேணாமா? பழைய அடுப்பக் கொண்டாந்து வெச்சான்னு சொல்லுவாங்க. அப்படியே கட்டுங்க.”

அவர் கட்டினார். கட்டும்போது ஒருமுறை, கயிற்றை இறுக்கும்போது ஒருமுறை, என் பக்கம் திரும்பி ஒருமுறை, “சொல்லிடும்மா” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நைனா, “அங்க போய் இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. நாறுற பொருளக் குடுத்தாங்கன்னு பேராயிடும்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். நைனா சொன்னதால் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீடுகளில் சாப்பாடு கிடையாது. தண்ணீரைக்கூட அதிலிருக்கும் சின்ன உயிர்களுக்கு எதுவும் ஆகக் கூடாதென்று துணியில் வடிகட்டித்தான் எடுப்போம். இதிலெல்லாம் என் மாமியார், அதாவது அத்தை, ரொம்பவும் கறார். நான் போன மூன்றாம் நாள் சாயங்காலம், சோறும் குழம்பும் விறகடுப்பில் இறக்கி வைத்தாயிற்று. பாலை மட்டும் புது அடுப்பில் காய்ச்சுவோம் என்று அத்தையே சொன்னார். என் வீட்டுக்காரர் பிளக்கைச் சொருகினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பி சிவக்கும் முன்பே புகை வந்தது. அதோடு ஒரு வாடை. எண்ணெய் தீய்ந்தது போலவும் மயிர் பொசுங்கியது போலவும் நெஞ்சை அடைக்கும் வாடை. அத்தை கையிலிருந்த வடிகட்டித் துணி கீழே விழுந்தது.

“ஐயையோ, கொழுப்பு! மிருகக் கொழுப்பு வேவுது! அமத்துடா அத!”

அவ்வளவுதான். அந்தப் புகை பட்ட சோறும் குழம்பும் பாலும் போயிற்று. அடுக்களையைக் கழுவி, பாத்திரத்தைக் கழுவி, எல்லாரும் குளித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் ஏழு பேர். நாத்தனாரின் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிப் பால் கொடுத்திருந்தார்கள், மற்றவர்கள் அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு படுத்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“முதல் நாள் நாறும்னு கடைக்காரர் சொன்னார்” என்று ஒரு வரி சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் சொன்னால், அப்போ ஏன் மறைத்தாய் என்று வருமே. அதற்குப் பயந்து அன்று சொல்லவில்லை. அன்று சொல்லாததால் மறுநாள் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் அடுப்பையும் என்னையும் செஞ்சியில் கொண்டுவந்து விட்டார். “அதுல இன்னா கலந்திருக்குதுன்னு தெரியட்டும், அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு அம்மா சொல்றாங்க” என்றார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். தெருவில், “ஆடி அழைப்பு இந்த வருஷம் ஆனியிலயே வந்துடுச்சா?” என்று கேட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நைனா கடைக்காரர் மேல் பாய்ந்தார். அவர் மேல்சித்தாமூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு நைனாவோடு மேல்சித்தாமூருக்குக் கிளம்பினார். எனக்கு உயிர் வந்தது. கடைக்காரரே வந்து சொன்னால் முடிந்தது வேலை என்று நினைத்தேன். நைனா திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அங்கே நடந்ததை நைனா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கடைக்காரர் போய் நின்றதும் அத்தையிடம், “அம்மா, நான் கவுச்சி திங்கறவன், அத மொதல்ல சொல்லிடறேன்” என்றாராம். அத்தை இரண்டடி தள்ளி நின்றாராம். “அதனாலதான் சொல்றேன், கொழுப்பு உருகற வாடை எனக்கு நல்லாத் தெரியும். நீங்க பொறந்ததுலேர்ந்து அத மோந்திருக்க மாட்டீங்க. இந்த அடுப்புல வந்தது அந்த வாடை இல்ல.”

அத்தைக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. கொஞ்சம் இளகி, “அப்போ அதுல மிருகக் கொழுப்பு துளிகூட இல்லைன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்” என்றாராம்.

‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். இந்தப் பாவி மனுஷன் யோசித்துவிட்டு, “அது எனக்குத் தெரியாதும்மா. துரு புடிக்காம பூசற எண்ணெய்ல எதக் கலக்கறான்னு கம்பெனிக்காரன்தான் சொல்லணும். எழுதிக் கேக்கறேன்” என்றாராம்.

நைனா சொல்லி முடித்ததும் எனக்கு வந்த கோபத்தில் எதிர்க்கடையில் அடுக்கியிருந்த அத்தனை பாத்திரத்தையும் தெருவில் போட்டு உருட்டியிருப்பேன். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? அதுவும் பொய்யா இல்லையா என்றே தெரியாத பொய். யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?

மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் பொருள்கள் உயர்ந்த தரமானவை, எந்தக் குறையும் கிடையாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. நைனா, “போதும், இதக் காட்டிடுவோம்” என்று துள்ளினார். இவர் அசையவில்லை. “நான் கொழுப்பு இருக்குதா இல்லையான்னு கேட்டேன். அவன் தரம்ங்கறான். கேட்டதுக்குப் பதில் இல்லையே.” மறுபடியும் எழுதினார். ஆடி வந்தது. புதிதாய்க் கல்யாணமான பெண்கள் தாய்வீட்டில் இருக்கும் மாதம் என்பதால் ஊர் வாய் கொஞ்சம் ஓய்ந்தது. ஆடி முடிந்தது. மற்ற பெண்களையெல்லாம் புருஷன் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். என்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஆவணி பிறந்தபிறகு நான் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டேன்.

இரண்டாவது பதில் வந்ததும் அவர் அதைப் போஸ்டாபீஸில் ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் தனியாகக் கொடுத்து இன்னொருமுறை கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தபிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூசுகிற எண்ணெய் பூமிக்குள்ளிருந்து எடுப்பது, மண்ணெண்ணெய் இனம், மிருகக் கொழுப்பு கிடையவே கிடையாது. இதுவரை நல்ல சேதி. உள்ளேயிருக்கும் மைக்காத் தகடுகளை ஒட்டுவதற்கு அரக்கு போட்டிருக்கிறார்கள். அரக்கு பூச்சியிலிருந்து வருவது.

“கெளம்புங்க” என்றார். “பொண்ணும் வரட்டும், அடுப்பும் வரட்டும்.” கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று நைனா தயங்கினார். பிறகு, “வெச்சுக்கிட்டா வுட்டுட்டு வரேன், இல்லைன்னா திருப்பிக் கூட்டிட்டு வரேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

அன்று அமாவாசை. இருந்த பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு விட்டிருந்தார்கள். எங்கள் பஸ் வர மத்தியானம் ஆகிவிட்டது. நைனா மடியில் அடுப்பு. வழி முழுக்க அவர் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

“அரக்கு மட்டும் வேணாம். அவங்க அதக் கேக்கவே இல்லையே.”

“கேக்கலதான்.”

“அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லணும்?”

“தெரிஞ்சு போச்சே” என்றார் கடைக்காரர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை நடையிலேயே நின்றார். உட்காருங்கள் என்று சொன்னாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர் உட்காரவில்லை. “அம்மா, கெட்டத மொதல்ல சொல்லிடறேன். இந்த அடுப்புக்குள்ள அரக்கு இருக்குது. தகட்ட ஒட்டறதுக்குப் போட்டிருக்கான். அரக்கு பூச்சி பண்றது.”

நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

“அரக்கா?” என்றார் அத்தை. அவர் கை கழுத்துக்குப் போயிற்று. சரட்டில் கோத்திருந்த பொன் குண்டுகளை நெருடினார். பொன் குண்டு நசுங்காமல் இருக்க அதற்குள் அடைப்பதும் அரக்குதான். “அது எல்லார் கழுத்துலயும்தான் இருக்குது. மேல சொல்லுங்க.”

“கொழுப்பு கெடையாது. எண்ணெய் பூமிலேர்ந்து எடுக்கறது.” காகிதத்தை நீட்டினார்.

அத்தை அதை வாங்கவில்லை. “நீங்க சொல்றீங்களா?”

“அன்னிக்குத் தெரியாதுன்னேன். இப்ப தெரியும், சொல்றேன்.”

“அப்போ சரி” என்றார் அத்தை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் விடவில்லை. “ஒண்ணு கேக்கறேன். மொத தடவ இப்படி நாறும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? விக்கும்போதே சொல்லக் கூடாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ வந்திருக்குமா?”

நைனா தரையைப் பார்த்தார். ஊரில் யாருடைய குடத்துக்கும் சுவருக்கும் சைக்கிளுக்கும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் மனுஷன், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மேல் பழி இல்லை. எங்கள் மானம்தான் கப்பலேறும். அவர் அத்தையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. “அவர் சொன்னாரு அத்தை” என்றேன். “மூணு தடவ சொன்னாரு. எரிச்சே தரேன்னும் சொன்னாரு. நைனாதான் புதுசாத் தெரியணும்னு வேணாம்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி எங்கிட்டயும் சொன்னாரு. வெக்கமா இருந்துச்சு, நான் சொல்லல.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டை விட்டு வந்தபிறகு அப்போதுதான் பார்க்கிறார்.

“அடிப்பாவி! அன்னிக்கே வாயத் தொறந்து இத சொல்லித் தொலைச்சிருந்தா ஜன்னலோரம் வெச்சு எரிச்சிருப்பமே! ஊரு உறவெல்லாம் சிரிச்சுதேடி! எம்புள்ள ரெண்டு மாசமா மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு எங்கிட்ட பேசறதில்ல, தெரியுமா?” அது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் என்னை நினைக்கவே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அத்தை நைனா பக்கம் திரும்பினார். “சம்பந்தி, வயசானவரு நீங்களுமா?” என்றார். நைனாவுக்கும் கிடைத்தது, நன்றாகவே கிடைத்தது. நியாயமாகக் கிடைக்கவேண்டியதுதான்.

அத்தை மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா மரம் மாதிரி நிக்கற? வெயில்ல வந்திருக்காங்க ரெண்டு பேரும். உள்ள போயி தண்ணி கொண்டா” என்றார்.

வந்த விருந்தாளியை யாரும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொல்லமாட்டார்கள். வீட்டுப் பெண்ணைத்தான் சொல்வார்கள். உள்ளே போய், துணியில் வடிகட்டி இரண்டு லோட்டாவை நிரப்பினேன்.

நைனாவுக்குக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரிடம் போனேன். அத்தை நைனாவை இன்னொரு சுற்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்களே சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன் மெதுவாக.

“சொல்லத்தான் இருந்தேன். நீ சொல்றியா பாக்கலாம்னு மனசுக்குள்ள பத்து எண்ணிட்டிருந்தேன்.”

“எது வரைக்கும் வந்தீங்க?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். லோட்டாவை என் கையில் கொடுத்துவிட்டு, “எட்டு” என்றார்.